பதினோராம் பக்கத்து மாறிலி

ஒருவனை அடிக்கப் போகிறவன் வண்டியை ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு நிறுத்துவானா என்று பின்னால் பலமுறை ராஜவேல் யோசித்துப் பார்த்தான். அன்று அவன் நிறுத்தினான். முல்லா வீதியில் மொய்னுதீன் கடைக்கு எதிரே, வேப்ப மரத்து நிழல் பார்த்து நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டினான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பட்டனையும் மாட்டினான். அந்த நிதானம்தான் அவனுக்கே பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணி. தொழுகை முடிந்து, சாப்பாடும் முடிந்து, தெரு அரைத் தூக்கத்தில் கிடந்தது. மொய்னுதீன் படகுக்காரர்களுக்குக் கயிறும் தார்ப்பாயும் கப்பியும் விற்பவர். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கயிற்றுச் சுருள்களின் மேல் சாய்ந்திருந்தார்.

"வாப்பா ராஜவேலு. மேலதான் இருக்கான். போ."

"சரிங்க அத்தா."

எட்டு வருடமாக அவரை அப்படித்தான் கூப்பிடுகிறான். அவர் மகன் ஸைத் கூப்பிடுவதைக் கேட்டு ஒட்டிக்கொண்ட பழக்கம். அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்தபோது ஒரு நொடி திரும்பிவிடலாமா என்று இருந்தது. திரும்பவில்லை. தோளில் தொங்கிய பையில் இரண்டு காகிதக் கட்டுகள் இருந்தன. ஒன்று அவனுடைய கட்டுரை, இருபத்தாறு பக்கம். மற்றது அதைக் கொன்ற அறிக்கை, ஒன்றரைப் பக்கம்.

அறிக்கை அன்று காலை எட்டரைக்கு மின்னஞ்சலில் வந்தது. கட்டுரையைப் படித்துத் தீர்ப்பு சொல்பவர், அதாவது ரெபரி, யார் என்று எழுதியவனுக்குச் சொல்ல மாட்டார்கள். அந்தத் துறையின் வழக்கம் அது. முகமில்லாத ஒருவர் எங்கோ உட்கார்ந்து படிப்பார். சரி என்பார், அல்லது தவறு என்பார். இவர் தவறு என்றிருந்தார். எந்த இடத்தில் தவறு என்பதையும் விரல் வைத்துக் காட்டியிருந்தார்.

மெய் லீ குலங்கள் என்பவை இடைவெளியில்லாமல் நகரும் சமச்சீர்களின் கூட்டம். ஒரு பந்தை எத்தனை விதமாகச் சுழற்றலாமோ அத்தனையும் சேர்ந்தது அதில் மிக எளிய ஒன்று. அப்படிப்பட்ட சில குலங்களின் மேல் கோளச் சார்புகள் என்று சில வாழ்கின்றன. குளத்தில் கல் விழுந்தால் எழும் வளையம்போல நடுவிலிருந்து பரவி, தூரம் போகப் போகத் தேய்பவை. எவ்வளவு வேகமாகத் தேய்கின்றன என்பதுதான் ராஜவேலின் தேற்றம். போகக்கூடிய திசைகளை எல்லாம் மடித்து வைத்தால் பூசணிக் கீற்றுப்போல ஒரு விரிவு கிடைக்கும். அதன் ஓரங்களைச் சுவர் என்பார்கள். கீற்றின் நடுவில் எல்லாம் ஒழுங்கு. சுவரை நெருங்கினால் சார்பின் உறுப்புகள் இரண்டிரண்டாக வெடிக்கத் தொடங்கும். ஒன்று மேலே பாயும், மற்றது கீழே பாயும். கூட்டினால் ஒன்றை ஒன்று அடக்கிவிடும். தனித்தனியே பிடித்தால் இரண்டுமே அடங்காது.

நடுவிலும் சுவரருகிலும் ஒரே மாறிலி போதும் என்று ராஜவேல் நிறுவியிருந்தான். நிறுவிவிட்டதாக நம்பியிருந்தான். ஐந்து வருட நம்பிக்கை அது. கடற்கரைப் பக்கம் உள்ள ஆய்வு மையத்தில் ஒரே ஒரு நிரந்தர இடம் இருந்தது. திங்கட்கிழமை நேர்காணல். கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டால் பேச எதுவுமில்லை என்று மையத்து இயக்குநரே சொல்லியிருந்தார். வயது வரம்பு முப்பத்தைந்து. வருகிற செப்டம்பரில் ராஜவேலுக்கு அது முடிகிறது. அப்புறம் கடலூர் சாலைப் பொறியியல் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அணிகளைப் பெருக்கிக் காட்டியே காலம் போகும்.

அந்த இடத்துக்கு விண்ணப்பித்திருந்த இன்னொருவன் ஸைத்.

அறிக்கையைக் காலையில் மூன்று முறை படித்தான். நாலாவது முறைதான் அது கண்ணில் பட்டது. லெம்மா நான்கு என்ற துணைத் தேற்றத்தைப் பற்றிய பத்தியில், தூரத்தை அளக்கும் அளவைக்கு முன்னால் இரண்டின் வர்க்கமூலம் நின்றது. உலகத்தில் எல்லாரும் ஒன்று என்று வைத்துத் தொடங்கும் இடம் அது. இரண்டின் வர்க்கமூலத்தை வைத்தவர் ஒரே ஒருவர், அவனுக்கும் ஸைதுக்கும் ஆய்வு வழிகாட்டியாக இருந்த மதிவாணன். பின்னால் வரும் வாய்பாடு சுத்தமாக இருக்கும் என்பார். அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவரிடம் முடித்தவர்கள் இரண்டே பேர். தன் கட்டுரையில் அந்த வர்க்கமூலத்தை ராஜவேல் எடுத்துவிட்டிருந்தான். ஆய்வுப் பத்திரிகைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று, கோப்பு முழுவதையும் ஒரே கட்டளையில் மாற்றியிருந்தான். அப்படியானால் இதை எழுதக்கூடிய கை உலகத்தில் இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

இரண்டு வருடம் முன்பு, டீக்கடை வாசலில், அந்தக் கைக்குரிய ஸைத் கேட்டதும் நினைவு வந்தது. "சொவரு கிட்ட பாத்தியாடா? எனக்கு அங்கதான் இடிக்குது." அப்போது ராஜவேல் சிரித்திருந்தான்.

அதற்குப் பிறகு மதியம் வரை அவன் அறிக்கையைப் படிக்கவில்லை. உழவர்கரையில் வாடகைக்கு எடுத்த அறையில் கட்டில்மேல் உட்கார்ந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பழைய கை அது. பதினோராம் வகுப்பில் தவளக்குப்பம் பஸ் நிறுத்தத்தில் ஒருவனுடைய முன்பல் இரண்டைப் பெயர்த்த கை. வரப்புத் தகராறில் சொந்த அண்ணன் சக்கரபாணியின் காதைக் கிழித்ததும் அதுதான். கணிதத்துக்குள் வந்த பிறகு அது சுண்ணக்கட்டி பிடித்துப் பிடித்துத் தூங்கிப்போய்விட்டது என்று நினைத்திருந்தான்.

மாடியறையில் ஸைத் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஒரு சுவர் முழுக்கக் கறுப்பு அடித்து அதையே பலகையாக வைத்திருந்தான். கைலி, பனியன், தடித்த கண்ணாடி. விரலெல்லாம் சுண்ணம்.

"வாடா. சாப்ட்டியா?"

"ரிப்போர்ட் வந்துச்சு."

ஸைத் திரும்பினான். ராஜவேலின் முகத்தைப் பார்த்தான். "தள்ளிட்டானா?"

"தள்ளிட்டான்."

"சொவருதானே?"

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்தார்கள், பிடிக்கவில்லை, மறுபடி உதைத்தார்கள்.

"சொன்னேன்ல நான் அப்பவே," என்றான் ஸைத். "லெம்மா நாலு. பெரிய பருப்பு மாதிரி சிரிச்சியே, அன்னிக்கி. இப்ப சிரி பாக்கலாம்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். எட்டு வருடமாக ஒருவரை ஒருவர் இப்படித்தான் குத்திக்கொள்வார்கள். வேறொரு நாளாக இருந்தால் ராஜவேலும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிப் பாயில் உட்கார்ந்திருப்பான்.

"நல்லா எழுதியிருக்கே," என்றான் ராஜவேல்.

"நான் இன்னாடா எழுதினேன்?"

முதல் குத்து கண்ணாடியின் மேல் விழுந்தது. அது உடைந்த சத்தம் ராஜவேலுக்குக் கேட்கவில்லை. விரல் முட்டியில்தான் தெரிந்தது. ஸைத் கறுப்புச் சுவரில் மோதி, எழுதியிருந்ததைத் தோளால் அழித்துக்கொண்டே சரிந்தான். இடது கண்ணைப் பொத்திய விரல்களுக்கு நடுவிலிருந்து ரத்தம் வந்தது. அந்தக் கையையே ராஜவேல் பிடித்து இழுத்தான். வாயில் குத்தினான். விலாவில் உதைத்தான். தலைமயிரைப் பிடித்துத் தூக்கி மறுபடி சுவரோடு வைத்து அடித்தான். கத்த வேண்டும் என்று நினைத்து வந்தவன். ஐந்து வருடத்தையும் செப்டம்பரையும் அந்த ஒற்றை இடத்தையும் சொல்லிச் சொல்லி அடிக்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்து வந்தவன். ஒரு வார்த்தை வரவில்லை. அறையில் மூச்சுச் சத்தம் மட்டும் இருந்தது. ஸைதும் கத்தவில்லை. ஏன் என்று கேட்கத்தான் வாயைத் திறந்து திறந்து மூடினான். திறந்த ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு குத்து விழுந்தது.

படியில் காலடிச் சத்தம் கேட்டதை ராஜவேல் உணரவில்லை. ஷட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பியோடு மொய்னுதீன் வந்திருந்தார். அறுபத்தெட்டு வயது. கூப்பிடவில்லை, கெஞ்சவில்லை. ஓங்கியிருந்த வலது கையைப் பார்த்து ஒரே வீச்சு. முழங்கைக்குக் கீழே ஈர விறகு முறிவதுபோல ஒரு சத்தம் வந்தது. ராஜவேல் தன் கை போகக்கூடாத பக்கம் மடங்கித் தொங்குவதைப் பார்த்தான். வலி கொஞ்சம் கழித்துத்தான் வந்தது. வந்தபோது தரையில் கிடந்தான்.

அதற்குள் தெரு மேலே ஏறியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள், எதிர்வீட்டுப் பையன்கள், ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தவர். யாரென்று தெரியாத கால்கள் முதுகிலும் தொடையிலும் விழுந்தன. ஒரு குதிகால் முறிந்த கையின் மேலேயே ஏறியது. "எந்த ஊருடா நீ? யார்ரா அனுப்பிச்சா ஒன்ன? பேர சொல்றா!" பெயரைச் சொன்னால் இந்த அறைக்குள் நடந்தது வேறொன்றாக மாறித் தெருத் தெருவாக இறங்கிப் போகும் என்பது அந்த வலியிலும் ராஜவேலுக்குப் புரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

"எறங்குங்க," என்றார் மொய்னுதீன்.

"பாய், புள்ள கண்ண பாருங்க. இவன சும்மா வுடச் சொல்றீங்களா?"

"எட்டு வருசமா இந்த வூட்ல சோறு தின்னவன் அவன். அதான் நான் அடிச்சேன். நீ எதுக்கு அடிக்கிற? எறங்கு. ஆட்டோ கூப்புடு. ரெண்டு கூப்புடு."

கம்பியைக் கீழே வைக்காமலேயே சொன்னார். ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

ஆட்டோ வரும்வரை மூன்று பேரும் அந்த அறையில் இருந்தார்கள். மொய்னுதீன் தன் தோள்துண்டை மடித்து மகன் கண்ணின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஸைத் சுவரில் சாய்ந்து, ஒற்றைக் கண்ணால் ராஜவேலைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. விடை வராத ஒன்றைப் பார்ப்பதுபோல, பொறுமையாக, விடாமல் பார்த்தான்.

"ஏன்டா," என்றான். வாயிலிருந்து ஒரு பல் துணுக்கைத் துப்பினான். "ஏன்?"

"ரெபரி நீதானே."

"இன்னாது?"

"ரூட் டூ போட்டுருக்கே. சாரோட ரூட் டூ. வேற எவன்டா போடுவான்?"

ஸைத் சுவரைவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு, "அந்தப் பேப்பர எடு," என்றான்.

"வேணாம்ப்பா, பேசாத," என்றார் மொய்னுதீன்.

"எடுங்க அத்தா. அவன் பையில இருக்கும். ரெண்டையும் எடுங்க."

அவர் எடுத்துக் கொடுத்தார். கண்ணாடியில்லாமல் ஸைதுக்கு ஒரு சாண் தூரத்துக்கு மேல் தெரியாது. அறிக்கையை மூக்கோடு ஒட்டிவைத்துப் படித்தான். தாடையிலிருந்து சொட்டியது காகிதத்தில் விழுந்து பரவியது. ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினான். வலியால் என்று ராஜவேல் நினைத்தான். இல்லை, ரசித்திருக்கிறான்.

"நல்லா பாத்திருக்கான். யாரோ தெரியல," என்றான். "ரெண்டு உறுப்பையும் நீ தனித்தனியா அளந்திருக்கே. சொவரு மேல உன் மாறிலில வகுக்குற எடத்துல பூஜ்ஜியம் வருது. ஒரே வரில முடிச்சிட்டான்."

பிறகு ராஜவேலின் கட்டுரையை எடுத்தான். பக்கங்களைப் புரட்டினான். புரட்டிய ஒவ்வொன்றிலும் சிவப்பாக ஒரு கட்டைவிரல் பதிந்தது. ஒரு பக்கத்தில் நின்றான். அதைத் திருப்பித் தரையில் தள்ளிவிட்டான். அது வழுக்கிக்கொண்டு ராஜவேலின் முகத்தருகே வந்து நின்றது.

பதினோராம் பக்கம். லெம்மா நான்கின் நிறுவல். மூன்றாம் வரியில், அளவைக்கு முன்னால், இரண்டின் வர்க்கமூலம்.

கோப்பு முழுவதும் ஒரே கட்டளையில் மாற்றியிருந்தான். கட்டளை, சுருக்கக் குறியாக அடித்திருந்த இடங்களில்தான் போய் மாற்றும். அந்த ஒரு வரியை மட்டும் நாலு வருடம் முன்பு, அவசரத்தில், கையால் முழுதாக அடித்திருந்தான். அது தப்பி நின்றுவிட்டது. தவறைக் காட்டவந்த யாரோ ஒருவர் கட்டுரையின் வரியை அப்படியே எடுத்தெழுதி, இங்கே தவறு என்றிருக்கிறார். எவரும் அப்படித்தானே செய்வார்கள்?

"அது ஒன் கைடா," என்றான் ஸைத். "நான் அத வுட்டு ரெண்டு வருசம் ஆவுது. செவுத்த பாரு."

ராஜவேல் பார்த்தான். தோளால் தேய்ந்து அழிந்தது போக மேலே இரண்டு வரி மிச்சம் இருந்தது. அளவைக்கு முன்னால் ஒன்றுமில்லை. எல்லாரும் போடுவதுபோல, ஒன்றே. அறைக்குள் நுழைந்தபோதே அது அவன் கண்ணெதிரில்தான் இருந்திருக்கிறது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

"நான் ரெபரியா இருந்திருந்தா," என்றான் ஸைத். அதோடு நிறுத்திக்கொண்டான். பிறகு ஆட்டோ வந்துவிட்டது.

மருத்துவமனையில் மாலை ஆறு மணிக்குக் கோவிந்தராசு என்ற காவலர் வாக்குமூலம் எழுத வந்தார். ராஜவேலின் கையைக் கட்டி மார்போடு சேர்த்துத் தூக்கிவிட்டிருந்தார்கள். முதுகைத் தலையணையில் சாய்க்க முடியவில்லை. பச்சைத் திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலில் ஸைத் இருந்தான். கருவிழி கிழிந்திருக்கிறது, இடது கண்ணில் பார்வை திரும்பும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் மொய்னுதீனிடம் மெல்லத்தான் சொன்னார். திரைக்கு இந்தப் பக்கமும் கேட்டது.

"இன்னா சண்ட?" என்றார் கோவிந்தராசு. "எடத் தகராறா?"

"இல்லிங்க."

"பொண்ணு விசயமா?"

"இல்லிங்க."

"சரி, குடிச்சிருந்தீங்களா ரெண்டு பேரும்?"

"இல்லிங்க சார். ஒரு கட்டுரை. அதுல ஒரு வரி."

காவலர் பேனாவை மூடிவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். "இதோ பாருப்பா. அந்தப் பக்கம் ஏற்கெனவே பத்து பேரு ஆஸ்பத்திரி கேட்டுல நிக்கிறான். நீ பாட்டுக்கு ஏதாவது பெருசா கெளப்பிடாத. பெரியவரு ஒன் கைய ஒடச்சிருக்காரு, நீ அவரு புள்ளைய அடிச்சிருக்கே. வாய்ச் சண்ட, கைகலப்புன்னு எழுதிக்கிறேன். ரெண்டு பக்கமும் சமாதானமாப் போயிடுங்க. வேலைக்கு எங்கியோ போட்டிருக்கியாமே, அதுவும் கெடாது."

ராஜவேல் அந்தப் பச்சைத் துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். காவலர் இருமினார். காத்திருந்தார்.

"கைகலப்பு இல்லிங்க," என்றான் கடைசியில். "அவன் கைய ஓங்கவே இல்ல. நான் அடிக்கணும்னே போனேன். வண்டியப் பூட்டிட்டுப் போயி அடிச்சேன். தப்பு என்னுது. அப்படியே எழுதிக்குங்க. பெரியவரு புள்ளையக் காப்பாத்தினாரு, அதையும் எழுதுங்க."

"எழுதினா கேஸுப்பா. உள்ள போவே."

"தெரியுங்க."

"திங்கக்கெழம இன்டர்வியூன்னாங்க?"

"அது இல்லிங்க இனிமே."

கோவிந்தராசு எழுதினார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. இடதுகைக் கட்டைவிரலில் மை தடவி உருட்டினார். வலது கை கட்டுக்குள் இருந்தது. அவர் போன பிறகு வார்டில் மறுபடி அமைதி வந்தது.

மாத்திரையின் மயக்கத்தில் ராஜவேலின் தலைக்குள் அந்த இரண்டு உறுப்புகளும் வந்து நின்றன. ஒன்று மேலே பாய்ந்தது, மற்றது கீழே பாய்ந்தது. அவன் இடது கைச் சுட்டுவிரலால் படுக்கை விரிப்பின்மேல் எழுதினான். அளப்பதற்கு முன்னால் கூட்டினான். வெடிப்பு அடங்கியது. மிஞ்சியதை இரண்டு தடைகள் பிடித்து வைத்திருந்தன: நடுவிலிருந்து போன தூரம் ஒன்று, சுவரிலிருந்து உள்ள இடைவெளி மற்றொன்று. எது முதலில் தடுக்கிறதோ அது போதும். ஒற்றை மாறிலி கிடையாது. தேற்றம் முழுதாகப் பிழைக்காது. பாதி பிழைக்கும். ஒருவேளை அந்தப் பாதிதான் உண்மையாகவே நல்லது.

மறுபடி சரிபார்த்தான். சரியாக இருந்தது. அந்த நிமிடம், வெட்கமே இல்லாமல், நெஞ்சு முழுக்க மகிழ்ச்சி ஏறியது. இதை உடனே சொல்ல வேண்டும். இந்த ஊரில் இதைக் கேட்டால் பாதி வரியிலேயே பிடித்துக்கொண்டு, மீதி வரியைத் தானே முடித்துவிட்டு, ஒரு கேலியும் சேர்த்துச் சொல்லக்கூடியவன் ஒருவன்தான் உண்டு.

"ஸைத்," என்றான்.

இடது கையை ஊன்றித் திரைப் பக்கம் திரும்பினான்.

"டேய். ரெண்டையும் கூட்டிட்டு அப்பறம் அளந்தா வருதுடா. இடைவெளிக்கும் தூரத்துக்கும் எது கம்மியோ அது. கேக்குதா?"

திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் கம்பி ஒருமுறை கிறீச்சிட்டது. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டுப் புரிந்துகொண்டும் இருந்தான். அந்த மௌனத்தின் நீளத்தை வைத்தே ராஜவேலுக்கு அது தெரிந்தது. எவ்வளவு நேரத்தில் ஸைத் எந்த வரிக்கு வந்து சேர்வான் என்பது எட்டு வருடப் பழக்கம். இப்போது இரண்டாம் வரி. இப்போது சுவர். இப்போது விடை.

"சிஸ்டர்," என்று ஸைதின் குரல் கேட்டது. உடைந்த வாயிலிருந்து தெளிவில்லாமல் வந்தது. "என்ன வேற வார்டுக்கு மாத்துங்க."

"எதுக்குங்க? இங்கதான் ஃபேன் நல்லா..."

"மாத்துங்க. தயவு செஞ்சி."

கட்டிலின் பூட்டுகளை யாரோ காலால் தட்டி விடுவித்தார்கள். திரை ஒரு கணம் காற்றில் விலகியபோது மொய்னுதீனின் முதுகு தெரிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சக்கரங்கள் சிமெண்டுத் தரையில் உருண்டு போகும் சத்தம் வராண்டாவில் வெகுதூரம் வரை கேட்டது. தூரம் போகப் போகத் தேய்ந்தது. ராஜவேல் அது முழுவதும் தேயும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.